நாலாவது கியரில் வரும் சத்தம்

சத்தம் நாலாவது கியரில்தான் தொடங்குகிறது என்பது ஜன்னலுக்கு உள்ளே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த கலாமணிக்குத் தெரிந்திருந்தது. வெளியே போர்டிகோவில், ஸ்டாண்டில் தூக்கி மாட்டிய சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்த மயில்சாமிக்கு இன்னும் தெரியவில்லை. அவர் வலது கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே இடது கையை நீட்டி ஹேண்டில்பாரின் பிடியைத் தட்டுகிறார். க்ளிக். பின்சக்கரத்தில் செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. க்ளிக், தாவுகிறது. க்ளிக், தாவுகிறது. அப்புறம் ஒரு க்ளிக், தாவாமல் இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே நின்று டிர்ர்ர் என்று முனகுகிறது. இப்போது, என்று கலாமணி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள், இப்போது செயினுக்கு எண்ணெய் விடுவார். மயில்சாமி எழுந்துபோய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்தார். இருபத்தாறு நாள் ராஜ்கோட்டில் இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் வடவள்ளி வீட்டுக்குத் திரும்பியிருந்தார். பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. ஓடுகிற பம்பின்மேல் உள்ளங்கையை வைத்து பேரிங் போய்விட்டதா இல்லையா என்று சொல்லிவிடுகிற மனுஷர். அவருக்கா இது பிடிபடாது, பிடிபட்டுவிடும், இன்னும் பத்து நிமிஷம், இல்லை அரைமணி. மணி ஆறே கால். ஏழரைக்குக் கணுவாயில் கூட்டாளிகள் இரண்டு பேர் காத்திருப்பார்கள். அங்கிருந்து ஆனைகட்டி ஏற்றம். மாசத்துக்கு ஒரு ஞாயிறு அவர்கள் அப்படிப் போய்வருவது வழக்கம்.

அவள் கையில் யாருடையதோ அரக்குப் பட்டுச் சேலை, ஃபால்ஸ் வைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை ஓட்டினால் வெளியே வருகிற சத்தம் காதில் விழாது என்பதால் கைத்தையலாகவே போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் கொடுக்க வேண்டிய சேலை, கைத்தையல் போட்டால் நேரமாகும். ஆனாலும் கேட்க வேண்டியிருந்தது. எதற்காகக் கேட்க வேண்டியிருந்தது, பயத்திலா? பயம் இருந்தது, வயிற்றின் ஒரு ஓரத்தில், காலையில் குடித்த காப்பிக்குப் பக்கத்தில். ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது, அதற்குப் பேர் சொல்லத் தெரியவில்லை. கோளாறு இருக்கிற இடத்துக்கு அவர் எந்த வழியாகப் போய்ச் சேருவார் என்று பார்க்கிற ஆசை. அவள் போய்ச் சேர நாலு நாள் ஆயிற்று. முதலில் எண்ணெய், அப்புறம் கேபிள் இறுக்கம், அப்புறம் அந்தக் குட்டி ஸ்குரூ இரண்டு, எல்லாம் அவளும் தொட்டுப் பார்த்தாள், பயந்துபோய் தொட்டதையெல்லாம் அப்படியே திரும்பத் திருகி வைத்தாள். கால் சுற்று வலம், கால் சுற்று இடம். ஐந்தாம் நாள்தான் மெஷினில் ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கும்போது தையல் விட்டுவிட்டு விழுந்தது. நூல் இறுக்கத்தைத் திருகினாள், சரியாகவில்லை, தளர்த்தினாள், சரியாகவில்லை, சரி என்று ஊசியைக் கழற்றிக் கண்ணாடிமேல் வைத்து உருட்டிப் பார்த்தால் ஊசி வளைந்திருந்தது. தலைமுடி அளவுதான். அப்போதே எழுந்து வெளியே வந்து சைக்கிளின் பின்னால் மண்டியிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். எத்தனை திருகினாலும் ஆகாது. திருகுகிற இடத்தில் கோளாறு இல்லை. அதை அவள் கண்டுபிடித்தபோது வீட்டில் யாரும் இல்லை, சொல்லவும் முடியாது. பெங்களூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டு வேறு ஏதோ பேசினாள், குரலில் என்னம்மா இவ்வளவு சந்தோஷம் என்று மகள் கேட்டாள்.

க்ளிக், டிர்ர்ர். எண்ணெய் உதவவில்லை. நீங்கள் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், அதிகமாய் விட்டால் மண் ஒட்டும் என்று அவள் நினைத்தாள், அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் நிழல் விழுந்தது.

“கலா, பழைய பனியன் துணி ஏதாச்சும் கெடக்குதா?”

அவள் கால்மாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கம்பிக்கு நடுவில் நீட்டினாள்.

“நான் போறப்ப வெண்ணெயாட்டம் போயிட்டிருந்துச்சு,” என்றார் மயில்சாமி. கோபமாய்ச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்வதுபோல. “நின்ன எடத்துல நின்னுட்டிருந்த வண்டி. எப்படிக் கெட்டுப்போகும்?”

“சாரல் அடிச்சுதுங்க நடுவுல. ஈரம் பட்டிருக்கும்.”

“ஈரம் பட்டா துருப்பிடிக்கும். செயின்ல துருவே இல்லையே.”

அவர் போய்விட்டார். அவள் காதுமடல் சூடாகிவிட்டது. சாரல் அடித்ததென்னவோ உண்மை. சாரலில் வண்டி போர்டிகோவுக்குள் இருந்தது, அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளை ஒட்டுப்போட்டு ஒரு பொய்யைத் தைத்துக் கொடுத்துவிட்டாள். துரு ஏன் இல்லை என்றால் ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்ததும் அவள்தான் துடைத்து வைத்தாள். அதிகப்படியாய்ச் சுத்தமாக வைத்துவிட்டோமோ, இருபத்தாறு நாள் நின்ற வண்டியில் தூசி வேண்டாமா, தூசி இல்லையே என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை? மயில்சாமி இப்போது சீட்டுக்குக் கீழே இருந்த குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழாயில்தான் அவள் தினமும் சீட்டை இறக்குவதற்கு முன்னால் நீலத் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவாள், திரும்பி வந்ததும் கோட்டுக்குச் சரியாக ஏற்றி இறுக்கிவிட்டு அழித்துவிடுவாள். அழித்தாளா? கடைசி நாள் அழித்தாளா? ஊசி நின்றுவிட்டது. நீலமாய் ஏதோ இருந்ததுபோலவும் இல்லாததுபோலவும் இருந்தது. அவர் துணியை அதன்மேல் ஒருமுறை ஓட்டினார், துணியைப் பார்த்தார், மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பார்த்தாரா, பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாரா, அவர் பேசாமல் இருக்கிற ஆள் இல்லையே. முப்பது ரூபாய் டார்ச்சை வாங்கினால்கூட அதன் உள்ளே என்ன நடக்கிறதென்று பத்து நிமிஷம் சொல்வார்.

அதுதான். அதுதான் காரணம் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நல்ல மனுஷர், குடி இல்லை, கை நீட்டினது இல்லை, சமைக்கிற நாளில் பாத்திரமும் கழுவி வைப்பார். ஆனால் சொல்லிக்கொடுப்பார். கல்யாணமான ஐந்தாம் வருஷம் ஸ்கூட்டர் பழக்குகிறேன் என்று பின்னால் உட்கார்ந்துகொண்டு காதுக்குள் பேசிக்கொண்டே வந்தார். கிளட்ச் என்றால் என்ன, அது ஏன் இரண்டு தட்டாய் இருக்கிறது, இப்போது மெதுவாக விடு, மெதுவாக என்றால் இவ்வளவு மெதுவாக இல்லை, புரியுதா, புரியுதா? புரிந்தது. புரிந்துகொண்டிருக்கும்போதே எதிர்வீட்டுச் சுவர் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் ஸ்கூட்டரைத் தொடவில்லை, இருபது வருஷம் பஸ், அப்புறம் ஆட்டோ. அவருக்கு அதில் வருத்தம்கூட. ‘நான் எவ்வளவோ சொல்லிக்கொடுத்தேன், அவளுக்கு மனசு இல்லை’ என்று தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் கேட்டிருக்கிறாள். மனசு இருந்தது. காதுதான் நிறைந்துவிட்டது. இதை எப்படிச் சொல்வது, சொன்னால் ஏன் அப்படி என்று விளக்குவாரே.

அவர் ராஜ்கோட்டுக்குப் போன மூன்றாம் நாள், விடிகாலையில் வாசல் தெளிக்கப் போனபோது சைக்கிளை இடித்துக்கொண்டாள். பெடல் பின்னோக்கிச் சுற்றி, சக்கரத்துக்குள்ளிருந்து கிர்ர்ர் என்று ஒரு சத்தம், ஒரே சீராய், சின்னப் பூச்சி ஏதோ கத்துவதுபோல. என்ன அது? மறுபடியும் சுற்றினாள். முன்னோக்கிச் சுற்றினால் சத்தமில்லை, பின்னோக்கிச் சுற்றினால் மட்டும். பிடியைத் தொட்டாள், அது உள்பக்கமாக மடங்கும் என்று அதுவரை தெரியாது. க்ளிக் என்றது, ஆனால் எதுவும் நடக்கவில்லை. நடக்கவில்லையே என்று பெடலைச் சுற்றினால் அப்போதுதான் செயின் தாவியது. அப்படியென்றால் சொன்னதை அது ஞாபகம் வைத்துக்கொண்டு, ஓடும்போதுதான் செய்கிறது. இது அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பக்கெட் தண்ணீரை வைத்துவிட்டு அரைமணி நேரம் அங்கேயே நின்றாள். மறுநாள் ஐந்தரைக்குத் தெருவில் ஆள் இல்லாதபோது தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போனாள். அன்னூரில் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போனவள்தான், ஆனால் அது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி, இது குனியச் சொல்கிறது, குனிந்தால் ரோடு மட்டும்தான் தெரிகிறது, ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு பரலும் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. ஏழாம் நாள் சுண்டப்பாளையம் வரை. பன்னிரண்டாம் நாள் காளிக்கநாயக்கன்பாளையம் தாண்டி. சுடிதார் காலுக்கு இரண்டு ரப்பர்பேண்ட். யாராவது பார்த்தால்? பார்த்தார்கள். பால் வண்டிக்காரர் ஒருத்தர் பார்த்தார், திரும்பியும் பார்க்காமல் போனார். நாற்பத்தெட்டு வயதுப் பொம்பளை சைக்கிள் ஓட்டினால் ஊரே நின்றுவிடும் என்று நினைத்திருந்தது போய், யாரும் நிற்கவில்லையே என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வெளியே மயில்சாமி கேபிளுக்கு வந்துவிட்டார். கேபிள் போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிற உருளையை அரைச் சுற்றுத் திருகுகிறார், பெடல், க்ளிக், கேட்கிறார், இன்னொரு அரைச் சுற்று. இப்போது நாலாவது கியர் சத்தமில்லாமல் ஓடியது. “ஆங்,” என்று அவர் சொன்னது கேட்டது. இல்லை, என்றாள் இவள் உள்ளே, சின்னப் பக்கம் போய்ப் பாருங்கள். அவர் போய்ப் பார்த்தார். ஒன்பதாவது கியரில் டிர்ர்ர். பெரிய பல்சக்கரத்துக்குச் சரிபண்ணினால் சின்னது கத்தும், சின்னதுக்குச் சரிபண்ணினால் பெரியது கத்தும். இரண்டு பேருக்கும் நல்லவராக இருக்கவே முடியாது. அவர் முதுகு அசையாமல் நின்றது. அந்த முதுகு எப்படி யோசிக்கிறது என்று அவளுக்குத் தெரியும், யோசிக்கும்போது வலது தோள் கொஞ்சம் ஏறிவிடும். இந்த முதுகை இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்து எத்தனை வருஷம் இருக்கும், இவரும் தெரியாத ஒன்றின் முன்னால் உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்கிறார், சின்னதாக, வாயைத் திறக்காமல். பம்பு கம்பெனியில் இவர் இப்படித்தான் இருப்பாரோ. அங்கே யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்காத ஒருத்தராகக்கூட இருக்கலாம், யார் கண்டது.

பின்பக்கம் வந்து பாருங்கள், என்று அவள் மனதுக்குள் சொன்னாள். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. பின்னால், நேர் பின்னால். அவர் வரவில்லை. செயினைத் தள்ளிக்கொண்டு போகிற கை ஒன்று இருக்கிறது, இரண்டு குட்டி உருளைகள் உள்ள கை. அந்தக் கையை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பது விரல் நீள அலுமினியத் துண்டு. ஹேங்கர் என்று பெயராம். துணி மாட்டுகிற ஹேங்கர் மாதிரி இல்லை, ஆனாலும் மாட்டத்தான் செய்கிறது. இதையெல்லாம் போனில் ஒரு வீடியோவில் பார்த்தாள். எந்த நாட்டுக்காரனோ, முகத்தைக் காட்டவே இல்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டு கைகள் மட்டும் வந்து, வளைந்ததைக் காட்டி, நேராக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டன. ஆறு தடவை பார்த்தாள். பேசாமல் சொல்லிக்கொடுப்பதற்கு உலகத்தில் ஆள் இருக்கிறது.

விழுந்தது எங்கே என்றால், சிரிப்புத்தான் வருகிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட இல்லை. பத்தொன்பதாம் நாள், தொண்டாமுத்தூர் போகிற வழியில், இதற்குமேல் போக வேண்டாம், திரும்பிவிடலாம் என்று ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினாள். நின்றுவிட்டாள். நின்ற அப்புறம்தான் காலை எந்தப் பக்கம் ஊன்றுவது என்று முடிவு பண்ணவில்லை என்று தெரிந்தது. அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம், அவளுக்கு டீக்கடைப் பாய்லரின்மேல் பூசியிருந்த திருநீற்றுப் பட்டைகூடத் தெரிந்தது. அப்புறம் மெதுவாக, வெட்டின வாழைமாதிரி வலப்பக்கமாகச் சாய்ந்தாள். முழங்கையும் இடுப்பும் தரையில், அவளுக்குக் கீழே வண்டி, வண்டிக்குக் கீழே அந்த உருளைக் கை. டீக்கடைக்கார அம்மா முதலில் சிரித்துவிட்டு அப்புறம் ஓடிவந்தாள். ‘நின்னுட்டே விழுந்தீங்களே கண்ணு’ என்றாள், தண்ணீர் கொடுத்தாள், சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள், எங்கேயிருந்து வர்றீங்க என்று கேட்டாள். வடவள்ளி என்றதும், அத்தனை தொலவா, எதுக்கு, என்றாள். ‘சும்மாதானுங்க’ என்றாள் கலாமணி. சும்மா என்று சொன்னதும் முழங்கை எரிச்சல் பாதி குறைந்தது.

திரும்புகிற வழியில்தான் சத்தம் தொடங்கியது. நாலாவதில் முனகல். மூன்றாவதில் செயின் தாவித் தாவி விழுந்தது. ஒரு மேட்டில் மூச்சு வாங்க, கடைசியாக, மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு, முதல் கியருக்குத் தள்ளினாள். அப்போது பின்சக்கரத்தில் டிங் டிங் டிங் என்று வேறொரு சத்தம், மணி அடிப்பதுபோல, அழகாகக்கூட இருந்தது. அழகாக இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தவள் பிரேக்கைப் பிடித்துவிட்டாள். வளைந்த கை சக்கரத்தின் கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நூல் உள்ளே போயிருந்தால் கம்பிக்குள் மாட்டி, சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். வீடியோவில் அதையும் காட்டினான் அந்த ஊமை மனுஷன். மாட்டிக்கொண்ட சக்கரம் ஒன்று, கம்பிகள் நாலைந்து பிய்ந்து, அந்தக் கை முறுக்கின துணிபோல் சக்கரத்துக்குள். சைக்கிள் கடைக்குக் கொண்டுபோகலாம் என்றால் கடைக்காரருக்கு இந்த வண்டி தெரியும், அன்றைக்கே ராஜ்கோட்டுக்குப் போன் அடித்துவிடுவார். அப்புறம் ஓட்டவில்லை. துடைத்தாள், நிறுத்தினாள், சொல்லிவிடலாம், வெள்ளிக்கிழமை வந்ததும் சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை அவர் களைப்பாக வந்தார். சனிக்கிழமை மத்தியானம் அவருடைய அக்கா வந்திருந்தாள். இன்றைக்கு ஞாயிறு.

மணி ஏழு அடிக்கப் பத்து நிமிஷம். சின்ன ஸ்குரூக்களையும் திருகிப் பார்த்தாயிற்று. வெளியே திடீரென்று சத்தம் நின்றது. ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்குகிற ஓசை. டயரில் காற்றை அழுத்திப் பார்க்கிற ஓசை.

“கலா, நான் கெளம்பறேன். இட்லி வந்து சாப்பிட்டுக்கறேன்.”

“சரியாயிருச்சுங்களா?”

“இல்ல. சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது. ஓட்ட ஓட்டத் தானா செட் ஆயிரும்.”

ஆகாது. ஆகாது என்று நாக்கு நுனிவரை வந்து, சேலையில் குத்தியிருந்த ஊசியைப்போல் அங்கேயே நின்றது. கணுவாய் வரை சமதளம், ஒன்றும் ஆகாது. சின்னத் தடாகம் வரை ஒன்றும் ஆகாது. அப்புறம் ஏற்றம் தொடங்கும், அவர் ஒவ்வொரு க்ளிக்காக இறக்கிக்கொண்டே வருவார், நாலு, முனகும், மூன்று, தாவும், முனகினாலும் தாவினாலும் இவருக்கு என்ன, ஏற வேண்டும், கூட்டாளி இரண்டு பேரும் இவரைவிடச் சின்னவர்கள், அவர்களோடு ஏற வேண்டும், இரண்டு, ஸ்டாண்டில் அவர் போட்டே பார்க்காத ஒன்று. டிங் டிங் டிங். இவர் திரும்பிப் பார்ப்பாரா? அவள் பார்த்தது அது என்னவென்று தெரியாததால், தெரிந்தவர் திரும்பிப் பார்க்க மாட்டார். கொண்டையூசி வளைவில் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி நிற்கும், நின்றால் காலை எந்தப் பக்கம் ஊன்றுவது என்று, அந்த ஒரு நொடி, பின்னால் கேரளா பஸ் ஏறி வந்துகொண்டிருக்கும். இல்லை, அவ்வளவெல்லாம் ஆகாது, நூறில் ஒரு தடவை ஆகலாம். நூறில் ஒன்று என்று யார் சொன்னது, அவளாகச் சொல்லிக்கொண்டது. சொல்லிவிட்டால் என்ன போய்விடும்? ஒன்றும் போகாது. அந்த ஐந்தரை மணி போய்விடும். நாளையிலிருந்து அவர் பக்கத்தில் ஓடிவருவார், முதுகை நேராக்கு என்பார், மூச்சை இப்படி விடு என்பார், ஹெல்மெட் வாங்கித் தருவார், நல்ல ஹெல்மெட்டாக, அதைப்பற்றிச் சொல்வார். இருபத்தாறில் பதினாறு நாள் அவள் காது காலியாக இருந்தது. பதினாறு நாள் போதாதா? போதாது. ஆனால் கேட் திறக்கிற ஓசை கேட்டுவிட்டது. சேலையை மடியிலிருந்து தள்ளியதும் நூல் இழுபட்டு அறுந்தது, செருப்பைத் தேடவில்லை, தேடினால் நேரமாகிவிடும் என்றுகூட நினைக்கவில்லை, வெறுங்காலில் போர்டிகோவின் சில்லென்ற தரை பட்ட பிறகுதான் எழுந்து வந்துவிட்டோம் என்று தெரிந்தது.

“போகாதீங்க.”

மயில்சாமி ஒரு காலைத் தூக்கிப் பெடலில் வைத்தவர் அப்படியே நின்றார்.

“வண்டிக்குப் பின்னாடி வந்து பாருங்க. பக்கத்துல இல்லைங்க, நேர் பின்னாடி. குனிஞ்சு.”

என்ன ஏது என்று கேட்பார் என்று நினைத்தாள். கேட்கவில்லை. வண்டியைத் திரும்ப ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் பின்னால் வந்து குனிந்தார். அவள் கையை நீட்டி, தொடாமல், காட்டினாள். பல்சக்கரம் நெட்டுக்குத்தாக இருந்தது. செயினைத் தள்ளுகிற கையின் மேல் உருளை அதற்கு நேராக இருந்தது. கீழ் உருளை உள்ளே சாய்ந்திருந்தது, ஒரு கட்டைவிரல் அகலம் இருக்காது, ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் அதைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது.

“ஹேங்கர் வளைஞ்சிருக்குது,” என்றார்.

“ஆமாங்க. முதல் கியர்ல போட்டீங்கன்னா கம்பியில தட்டும்.”

“தட்டும்னு உனக்கு…” என்று தொடங்கி நிறுத்தினார். திரும்பி அவளைப் பார்த்தார். அவள் வலது கையின் சட்டைக்கையை மேலே ஏற்றினாள். முழங்கையில் காய்ந்த தோல் பாதி உரிந்து, புதுத்தோல் ரோஸ் நிறத்தில் பளபளத்தது.

“நான்தானுங்க விழுந்தேன். நீங்க ஊருக்குப் போனப்ப. தெனமும் ஓட்டினேன், சொல்லலை.”

இப்போது பாடம் வரும் என்று அவள் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்ப முடியாமல் மறுபடியும் மறுபடியும் உதைத்துக்கொண்டிருந்தார்கள். மயில்சாமி அவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், எலும்பை அழுத்தினார், வலிக்கிறதா என்று கண்ணால் கேட்டார். இல்லை என்றாள்.

“எதுவரைக்கும் போன?”

“தொண்டாமுத்தூருக்கு இந்தப் பக்கம்.”

“அங்க ஒரு மேடு வருமே. பாலத்துக்கு அப்புறம்.”

“ஆமாங்க.”

“எறங்கித் தள்ளினயா?”

“இல்லீங்க, ஏறிட்டேன். கீழேயே ரெண்டு கியர் கொறைச்சுக்குவேன். மேட்டுல வந்து மாத்துனா இழுத்துப் புடிக்குது, அதனால.”

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் இருந்தது என்னவென்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. கோபமா என்று பார்த்தாள், இல்லை. கேலியா, இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த நாலாவது கியரைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் முதுகில் இருந்ததுதான், இப்போது முன்பக்கமாகத் தெரிந்தது.

“நான் மேட்டுக்கு வந்துதான் மாத்துவேன்,” என்றார் மெதுவாக. “எப்பவும் ஒரு இழுப்பு இழுக்கும்.” பிறகு, “கீழேயே எந்த எடத்துல மாத்துவ?”

“பாலத்துச் சொவரு முடியற எடத்துல.”

போன் அடித்தது, கணுவாயிலிருந்து. “வரலீங்க, வண்டி சரியில்லை,” என்றார் மயில்சாமி. அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். “இல்லீங்க, நான் கீழ போடலை. வீட்ல ஓட்டியிருக்காங்க. ஆமா. வீட்லதான். தொண்டாமுத்தூர் பக்கம் வரைக்கும்.” அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லப் பார்த்தார், சாதாரணமாக வரவில்லை, தொண்டாமுத்தூர் என்ற பெயர் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. கலாமணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போனை வைத்துவிட்டு அவர் பெட்டியிலிருந்து நீளமான ஆறுமூலைச் சாவியை எடுத்து அந்தத் துண்டின் போல்ட்டில் நுழைத்தார். “பின்னாடி நின்னு பாத்துச் சொல்லு. எனக்கு இங்கிருந்து தெரியாது.” அவள் மண்டியிட்டு ஒரு கண்ணை மூடினாள். அவர் இழுத்தார். இன்னும் கொஞ்சம், என்றாள். இழுத்தார். இன்னும் ஒரு நூல். மறுபடியும் இழுத்தார். கீழ் உருளை மேல் உருளைக்கு நேராக வந்தது, போதுமுங்க என்று அவள் வாயெடுப்பதற்குள் கையில் எதுவும் கனமில்லாததுபோல் சாவி சரேலென்று வந்துவிட்டது. டக் என்று ஒரு சின்னச் சத்தம். அந்த உருளைக் கை செயினில் தொங்கி ஆடியது.

“போச்சு,” என்றார் மயில்சாமி. துண்டின் ஒரு பாதி தரையில் கிடந்தது. கலாமணி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். உடைந்த இடம் கற்கண்டு உடைந்ததுபோல் பொடிப்பொடியாக மின்னியது, வெளியே மழமழவென்று கறுப்பாக இருந்தது உள்ளே இப்படியா இருக்கும், அவள் அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கடையில சொன்னா நாலஞ்சு நாள்ல வரவெச்சுக் குடுத்துருவாங்க,” என்று அவர் போனைத் துழாவினார். “இதே அளவுல ஒண்ணு.”

“ரெண்டாச் சொல்லுங்க.”

“ரெண்டு எதுக்கு?”

“நான் மறுபடியும் விழுவேனுங்க,” என்றாள் கலாமணி.